செடிக்குள் தெய்வம் புகுந்த கதை

ஒரு நோய்க்கு நம் முன்னோர் வைத்த பெயர் அம்மை. உடலெங்கும் கொப்புளம் கண்டவனை 'நோயாளி' என்று சொல்லக்கூடாது. 'தாய் விளையாடுகிறாள்' என்று சொல்ல வேண்டும். கொப்புளம் என்று சொல்லக்கூடாது. 'முத்து' என்று சொல்ல வேண்டும். வாயிலில் வேப்பிலை, வாயில் வாழ்த்து! ஊசியை எதிர்த்தவர்கள் மருத்துவ நூலைப் படித்துவிட்டு எதிர்த்தார்களா? இல்லை. அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. நோயின் பெயரிலேயே தெய்வம் குடியேறிவிட்ட பிறகு, நோயை விரட்டுவது தெய்வத்தை விரட்டுவது ஆகிவிடாதா? பெரியம்மை உலகினின்றும் ஒழிந்தது என்று உலக நலவாழ்வு நிறுவனம் 1980-ஆம் ஆண்டு அறிவித்தது. ஒழித்தது வேப்பிலை அல்ல, ஊசி. தெய்வம் போன இடம் தெரியவில்லை. பெயர் மட்டும் நம் நாவிலே தங்கிவிட்டது.

பெயர் வைப்பது எளிய வேலை அன்று. பெயர் வைப்பவன், கேட்பவனுடைய சிந்தனையிலே பாதியைத் தானே சிந்தித்து முடித்துவிடுகிறான். இதைக் கல்லாதார் செய்தால் மூடநம்பிக்கை என்கிறோம். கற்றறிந்த பேராசிரியர்கள், கிரேக்க அகராதியைக் கையிலே வைத்துக்கொண்டு செய்தால் அதற்கு என்ன பெயர்? அப்படிப் பிறந்த ஒரு சொல்லைத்தான் இங்கே ஆராயப் போகிறோம். அச்சொல், 'என்தியோஜென்'.

சொல்லின் பிறப்பு

1979-ஆம் ஆண்டு. அமெரிக்க ஆய்விதழ் ஒன்றிலே ஐவர் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். கார்ல் ரக், ஜெரமி பிக்வுட், டேனி ஸ்டேபிள்ஸ், ஜொனதன் ஆட், கார்டன் வாசன் என்பவர்கள் அந்த ஐவர். ரக் கிரேக்க, இலத்தீன் இலக்கியங்களைக் கற்பித்த பேராசிரியர். வாசன், மார்கன் வங்கியின் துணைத் தலைவராக இருந்தவர். காளான்களின் வரலாற்றை வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். எல்.எஸ்.டி., பெயோட்டே என்னும் கள்ளிச்செடி, மெக்சிகோவின் மயக்கக் காளான் போன்று, காண்பதையும் கேட்பதையும் காலத்தையும் 'நான்' என்னும் எண்ணத்தையுமே மாற்றிக் காட்டும் பொருள்களுக்கு அதுவரை வழங்கிவந்த பெயர்கள் எல்லாம் தகாதவை. புதுப்பெயர் வேண்டும் என்று அவர்கள் எழுதினார்கள்.

கிரேக்கத்திலே 'என்' என்றால் உள்ளே. 'தியோஸ்' என்றால் கடவுள். 'என்தியோஸ்' என்றால், கடவுளை உள்ளே கொண்டவன். சாமி வந்து குறி சொல்பவனையும், காதல் தலைக்கேறியவனையும், பாட்டுப் பித்தேறிய புலவனையும் பண்டைக் கிரேக்கர் அச்சொல்லால் குறித்தனர். அதனோடு, 'உண்டாதல்' என்னும் பொருள்படும் வினையின் வேரை ஒட்டினார்கள். 'உள்ளே கடவுளை உண்டாக்குவது' என்று பொருள்தரும் சொல் பிறந்தது. கடையிலே விற்கும் பொருளுக்கு ஒட்டுச்சீட்டு ஒட்டுவதுபோல, செடிக்கும் காளானுக்கும் தெய்வச்சீட்டு ஒட்டியாயிற்று!

இதிலே ஒரு வேடிக்கை. பழைய பெயரான 'சைக்கெடெலிக்' ஆகாது என்று வாதாடிய அக்கட்டுரை வெளிவந்த இதழின் பெயரிலேயே 'சைக்கெடெலிக்' என்னும் சொல் இருந்தது. இன்னொரு வேடிக்கையும் உண்டு. அதே 'என்தியோஸ்' வேரிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த வேறொரு சொல் 'எந்தூசியாசம்'. இன்று அதற்கு ஊக்கம், ஆர்வம் என்று பொருள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலோ அது பழிச்சொல். 'ஆண்டவன் என் காதிலே பேசினான்' என்று பிதற்றித் திரிந்தவர்களைக் குறிக்க அதைப் பயன்படுத்தினார்கள். அறிஞர் ஜான் லாக், மனித அறிவைப் பற்றித் தாம் எழுதிய பெருநூலின் நான்காம் பதிப்பில், 1700-ஆம் ஆண்டு, அச்சொல்லையே தலைப்பாக்கி ஓர் அதிகாரத்தைப் புதிதாகச் சேர்த்தார். அவர் வாதத்தின் சாரம் இதுதான்: ஒருவன் எவ்வளவு உறுதியாக நம்புகிறான் என்பது, அவன் நம்புவது உண்மை என்பதற்குச் சான்றாகாது. லாக் மூடிய கதவை, ஏறத்தாழ 280 ஆண்டுகளுக்குப் பிறகு, அதே வேர்ச்சொல்லைச் சாவியாக்கித் திறந்துவிட்டார்கள் இந்த ஐவரும்.

முன்னே இருந்த பெயர்கள்

நடுநிலையோடு பேசுவோம். ஐவரின் குறையெல்லாம் பொய் அன்று. அவர்கள் தள்ளிய பெயர்களும் குற்றமற்றவை அல்ல.

1924-இல் செருமானிய மருந்தியல் அறிஞர் லூயி லெவின் இப்பொருள்களுக்கு 'பான்டாஸ்டிகா' என்று பெயரிட்டார். கற்பனைக் காட்சிகளைக் காட்டுவன என்பது கருத்து. 1938-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலே, சாண்டோஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஹோப்மன் என்னும் வேதியியல் அறிஞர் எல்.எஸ்.டி.யை உருவாக்கினார். ஐந்தாண்டுகள் அது அலமாரியிலே உறங்கிற்று. 1943 ஏப்ரல் 19 அன்று 250 மைக்ரோகிராம், அதாவது ஒரு கிராமில் நாலாயிரத்தில் ஒரு பங்கு, அவரே உட்கொண்டு பார்த்தார். மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியெல்லாம் உலகம் வளைந்து நெளிந்தது; தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சினார். ஆகவே மனநோய் மருத்துவர்கள் இப்பொருளைப் 'பைத்தியத்தைப் போலச் செய்வது' என்று பொருள்தரும் பெயரால் அழைத்தனர். பின்னர் 'ஹாலுசினோஜென்' வந்தது. மனம் அலைந்து உளறுவதைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியிலே வந்த பெயர் அது. இல்லாததைக் காட்டுவது என்று பொருள்.

இந்த நேரத்தில்தான் கனடா நாட்டின் வெய்பர்ன் மனநல மருத்துவமனையில் இருந்த ஹம்ப்ரி ஆஸ்மண்ட் என்னும் மருத்துவர் ஓர் உண்மையைக் கண்டார். குடிகாரர்களுக்கு எல்.எஸ்.டி. கொடுத்தால், குடிவெறியின் கடைசி நிலையிலே வரும் கொடுங்காட்சிகளைக் கண்டு அஞ்சிக் குடியை விடுவார்கள் என்று அவரும் அவர் நண்பர்களும் எண்ணினர். ஆனால் உண்டவர்கள் பலர், அச்சத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தங்களைத் தாங்களே புதிதாகக் கண்டதாகச் சொன்னார்கள். 'பைத்தியம்' என்னும் பெயர் உண்மைக்குப் பொருந்தவில்லை. 1953-இல் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு மெஸ்கலின் கொடுத்தவரும் இந்த ஆஸ்மண்டே. புதுப்பெயர் தேடி இருவரும் 1956-இல் கடிதப் போக்குவரத்திலே விளையாட்டாக ஈரடிப் பாட்டுகள் எழுதிக்கொண்டார்கள். ஹக்ஸ்லி சொன்ன பெயர் நிலைக்கவில்லை. ஆஸ்மண்ட் சொன்ன 'சைக்கெடெலிக்' நிலைத்தது. 'மனத்தை வெளிப்படுத்துவது' என்று பொருள். 1957-இல் நியூயார்க் அறிவியல் கழகத்தின் வாயிலாக உலகுக்கு வந்தது. கிரேக்க இலக்கணப்படி 'சைக்கோ' என்று தொடங்க வேண்டிய சொல் அது. ஆனால் அப்படித் தொடங்கினால் பைத்தியத்தின் வாடை வீசுமே என்றுதான் இலக்கணம் தளர்த்தப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆஸ்மண்ட் பெயரை மாற்றியதற்கு ஒரு காரணம் இருந்தது: நோயாளிகள் சொன்னது பழைய பெயரோடு முரண்பட்டது. சான்று மாறியது, சொல் மாறியது. அதுவே அறிவு நெறி. 1979-இல் என்ன புதிய சான்று வந்தது? எந்தக் குடுவையிலே கடவுள் படிந்து கிடந்தார்? எந்த நுண்நோக்கியிலே அவர் தென்பட்டார்? 'சைக்கெடெலிக்' என்றால் நீண்ட முடி, நிற விளக்கு, மின்னொலி இசை என்று 1960-களின் இளைஞர் கூத்து நினைவுக்கு வருகிறது. அந்தச் சொல் மலினப்பட்டுவிட்டது என்பது ஐவரின் குறை. மலினப்பட்ட சட்டையைக் கழற்ற வேண்டும் என்பது சரி. கழற்றியபின் காவியைத்தான் உடுத்த வேண்டுமா?

இரட்டைக் கதவு

இன்னும் நுணுகிப் பார்ப்போம். ஐவரும் தம் சொல்லுக்கு இரண்டு எல்லைகள் வகுத்தார்கள். கண்டிப்பான பொருளிலே, மந்திரவாதிகளின் சடங்கிலோ சமயச் சடங்கிலோ பயன்பட்டதாக மெய்ப்பிக்கப்பட்ட பொருள்களுக்கு மட்டுமே அச்சொல் உரியது. தளர்ந்த பொருளிலே, அவை போன்ற மாறுதலை உண்டாக்கும் பிற பொருள்களுக்கும், இயற்கையாயினும் செயற்கையாயினும், வழங்கலாம்.

முதல் எல்லை ஒரு வரலாற்றுச் செய்தி. 'இம்மக்கள் இச்செடியை வழிபாட்டிலே பயன்படுத்தினார்கள்' என்பது உண்மையா பொய்யா என்று ஆராயலாம். அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டாம் எல்லை வழியாக, எந்தக் கோயிலையும் காணாத, பாசல் நகரத்துக் கண்ணாடிக் குழாயிலே பிறந்த எல்.எஸ்.டி.யும் உள்ளே நுழைந்துவிடுகிறது. நுழைந்தவுடன், 'சில மக்கள் இப்படி நம்பினார்கள்' என்னும் செய்தி, 'இப்பொருள் இப்படிச் செய்கிறது' என்னும் தீர்ப்பாக மாறிவிடுகிறது. நம்பியவனைப் பற்றிய சொல், நம்பப்பட்டதைப் பற்றிய சொல்லாகிவிட்டது. பால் விற்பவன் நல்லவன் என்பதால் பாலில் தண்ணீர் இல்லை என்று சான்றிதழ் தருவது போன்ற வாதம் இது!

கடவுள் எங்கிருந்து வந்தார்?

'ஆனால் உண்டவர்கள் கடவுளைக் கண்டதாகச் சொல்கிறார்களே?' என்று கேட்கலாம். சொல்கிறார்கள். எங்கே இருந்துகொண்டு, யாரிடம், எதை எதிர்பார்த்துச் சொல்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

1962 ஏப்ரல் 20. புனித வெள்ளி. பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷ் தேவாலயம். வால்டர் பான்கே என்னும் மருத்துவர், கிறித்தவ இறையியல் மாணவர் இருபதுபேரை அங்கே அமர்த்தினார். பத்துப்பேருக்குச் சிலோசைபின், பத்துப்பேருக்கு உடலில் சூடேற்றும் நிகோடினிக் அமிலம். மேலே திருச்சபை வழிபாடு நடக்கிறது. ஒலிபெருக்கியில் இறைமொழி வருகிறது. சிலோசைபின் உண்டவர்களில் பெரும்பாலோர் மறைஞானிகள் சொல்வதைப் போன்ற அனுபவம் பெற்றதாகக் கூறினர். கூறாமல் இருந்தால்தானே வியப்பு! வருங்காலப் பாதிரிகள், வழிபாட்டு நாள், வழிபாட்டு இடம், வழிபாட்டு மொழி. விதையும் நீரும் நிலமும் கொடுத்துவிட்டு, முளைத்த பயிரை வானத்திலிருந்து விழுந்தது என்று சொல்லலாமா? இன்னொரு செய்தியும் கேளுங்கள். அவர்களில் ஒருவர் கட்டுமீறிப்போய், அமைதிப்படுத்தும் ஊசி போட வேண்டியதாயிற்று. அது முதலில் வெளியிட்ட அறிக்கையிலே இடம்பெறவில்லை. 1991-இல் ரிக் டோப்லின் எழுதிய பின்னாய்வினால்தான் வெளிச்சத்துக்கு வந்தது. கடவுளைக் கண்டவர்களின் கணக்கு ஏட்டில் ஏறியது. கலங்கிப்போனவரின் கணக்கு ஏறவில்லை. தெய்வச்சீட்டு ஒட்டும் இடங்களிலெல்லாம் நடக்கும் கணக்கு இது.

2006-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 36 பேரைக் கொண்டு இன்னும் ஒழுங்கான ஆய்வு நடந்தது. மூன்றில் இரண்டு பங்கினர் தம் வாழ்வின் மிகப் பொருள்பொதிந்த ஐந்து நிகழ்ச்சிகளுள் ஒன்றாக அதைக் குறித்தார்கள். அதே ஆய்வில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கடும் அச்சத்தையும் அடைந்தார்கள். அந்த 36 பேரும் ஏதோ ஒரு வகையில் வழிபாடோ தியானமோ பழகியவர்கள். அனுபவம் உண்மை, அதை ஐயப்படவில்லை. அதற்கு இட்ட பெயர் மட்டும் உண்டவர்கள் முன்பே கையிலே கொண்டுவந்தது.

இனி, அதே பொருள் வேறு கைகளிலே என்ன ஆயிற்று என்று பாருங்கள். 1953-இல் அமெரிக்க உளவுத்துறை 'எம்.கே.அல்ட்ரா' என்னும் மறைமுகத் திட்டத்தைத் தொடங்கிற்று. எல்.எஸ்.டி.யால் எதிரியின் வாயைத் திறக்கலாமா, மனத்தை உடைக்கலாமா என்று ஆராய்ந்தது. அவ்வாண்டு நவம்பரில், பிராங்க் ஓல்சன் என்னும் அறிவியலாளருக்கு அவர் அறியாமலே அது கொடுக்கப்பட்டது. ஒன்பது நாள் கழித்து நியூயார்க் விடுதியொன்றின் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இறந்தார். 1975-இல்தான் நாட்டுக்கு அது தெரிந்தது. மருத்துவன் பார்த்தால் பைத்தியம். பாதிரி பார்த்தால் பரமபிதா. உளவாளி பார்த்தால் உண்மை கக்கவைக்கும் கருவி! பொருள் ஒன்றே, பெயர் மூன்று. எனில், பெயர் பொருளின் இயல்பைச் சொல்லுகிறதா, பெயரிட்டவனின் பசியைச் சொல்லுகிறதா?

வேதியியலோ இதிலே தெளிவாகப் பேசுகிறது. மூளையிலே செரொட்டோனின் என்னும் செய்திப்பொருள் அமரும் இருக்கைகள் பல வகை. அவற்றுள் '2ஏ' என்னும் இருக்கையிலே இப்பொருள்கள் போய் அமர்கின்றன. இரத்த அழுத்தத்துக்கென உருவாக்கிய கேட்டன்செரின் என்னும் மருந்து அந்த இருக்கையை அடைத்துவிடும். 1998-இல் சூரிச் நகரத்திலே பிரான்ஸ் போலன்வைடரும் குழுவினரும் முதலில் கேட்டன்செரின் கொடுத்து, பிறகு சிலோசைபின் கொடுத்தார்கள். காட்சி இல்லை, கலக்கம் இல்லை, வளைதலும் நெளிதலும் இல்லை. எல்லாம் வல்லவர், எங்கும் நிறைந்தவர் என்று சொல்லப்படுபவரை ஒரு மாத்திரை வாயிலில் நிறுத்திவிடுமானால், உள்ளே வந்தவர் அவர்தாமா என்று கேட்க உரிமை உண்டல்லவா?

அந்த மக்கள் என்ன சொன்னார்கள்?

இச்சொல்லுக்கு வாதாடுவோர் கடைசியாக ஒன்று சொல்வார்கள். 'பழங்குடி மக்களின் நம்பிக்கைக்கு மதிப்புக் கொடுக்கும் சொல் இது' என்பார்கள். அந்த மக்களையே கேட்போம்.

மெக்சிகோவின் ஒஆஹாக்கா மாநிலத்தில், மலைமேல் ஓர் ஊர், ஊவாட்லா. அங்கே மசாட்டெக் இனத்தைச் சேர்ந்த ஏழை மூதாட்டி மரியா சபினா. காளான் உண்டு இரவெல்லாம் பாடி நோயாளிக்கு மருத்துவம் செய்பவர். 1955-இல் வாசன் அங்கே சென்று, காளானை உண்டு, 1957 மே மாதத்தில் 'லைஃப்' இதழிலே படங்களுடன் எழுதினார். ஊரின் பெயரும் அம்மையாரின் பெயரும் மாற்றி எழுதப்பட்டிருந்தும் பயனில்லை. வெள்ளையர் கூட்டம் கூட்டமாக வந்தது. காவலர்கள் வந்தார்கள். ஊரார் அவரைப் பழித்தார்கள். அவருடைய குடிசை கொளுத்தப்பட்டது. 1985-இல் வறுமையிலேயே இறந்தார். அவர் தம் வாழ்க்கையைச் சொல்ல, அல்வாரோ எஸ்ட்ராடா எழுதிய நூல் 1977-இல் வெளிவந்தது. அதிலே அவர் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறார்: வாசன் வருமுன்னர் கடவுளைக் காண்பதற்காக என்று எவரும் காளானை உண்டதில்லை, நோயைக் குணப்படுத்தவே உண்டார்கள். அவர் பக்தர்தாம், புனிதர்களை அழைத்துத்தான் பாடினார். ஆயினும் காளானின் வேலை இன்னது என்று அவர் சொன்னது வேறு. வங்கியாளர் வாசனும் பேராசிரியரும் அதன்மேல் எழுதியது வேறு. யாருடைய நம்பிக்கைக்கு மதிப்பு என்று சொல்லி இச்சொல் விற்கப்படுகிறதோ, அந்த மூதாட்டியின் சாட்சி இச்சொல்லுக்கு எதிராகவே நிற்கிறது.

அவருக்கு முன்னே வந்த வேறொரு கூட்டமும் அம்மக்களின் செடிக்குப் பெயர் வைத்தது. 1620-இல் மெக்சிகோவிலே ஸ்பானியச் சமய நீதிமன்றம் பெயோட்டேயைத் தடை செய்தது. சாத்தானின் வேலை என்றது. பாதிரி சாத்தானைக் கண்டான். பேராசிரியர் கடவுளைக் கண்டார். செடியைக் கண்டவர் யார்? அடக்குமுறையை எதிர்ப்பதிலே நமக்கு ஐயமில்லை. 1918-இல் தங்கள் வழிபாட்டைக் காப்பதற்காகத் திருச்சபை அமைத்த அமெரிக்கப் பழங்குடியினரின் உரிமை, 1994-இல் சட்டத்தாலேயே உறுதி செய்யப்பட்டது. அது நியாயம். ஒருவன் நம்பும் உரிமையைக் காப்பதற்கு, அவன் நம்பிக்கையை மருந்தின் பெயராக்க வேண்டியதில்லை.

நம் நாட்டையும் இந்த வலை விடவில்லை. இருக்கு வேதத்தின் ஒன்பதாம் மண்டலம் முழுவதும் சோமச் சாற்றின் புகழ். அந்தச் சோமம் ஒருவகைச் சிவப்புக் காளான் என்று 1968-இல் ஒரு நூலே எழுதினார் வாசன். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜான் பிரப் 1971-இல் மறுத்தார். 1989-இல் வேறு இருவர் வேறொரு செடியைக் காட்டினார்கள். செடி எது என்றே முடிவாகவில்லை. ஆனால் இதைவிடப் பெரிய உண்மை ஒன்று கண்முன்னே இருக்கிறது. சோமம் கிடைக்காதபோது வேறு செடியைப் பிழியலாம் என்று பிராமண நூல்களே வழி வகுத்தன. 1975-இல் கேரளத்துப் பாஞ்ஞாளில் பன்னிரண்டு நாள் நடந்த வேள்வியிலும் அப்படி ஒரு மாற்றுக் கொடியைத்தான் பிழிந்தார்கள். மயக்கம் இல்லை, காட்சி இல்லை, ஆனால் மந்திரம் அதே மந்திரம், தேவன் அதே தேவன்! சாறு போன பின்னும் கடவுள் நிலைத்து நின்றார் என்றால், அவரை உண்டாக்கியது சாறா, சடங்கா?

தோழி கேட்ட கேள்வி

தமிழர்க்கு இந்தச் சிக்கல் புதிதன்று. சங்க இலக்கியத்திலே வெறியாட்டு என்று ஒரு துறை. காதலால் மெலிந்த பெண்ணைக் கண்டு தாய் கலங்குகிறாள், வேலனை அழைக்கிறாள், ஆட்டை அறுத்து, களம் அமைத்து, சாமியாடி, 'இது முருகன் அணங்கு' என்கிறான் வேலன். ஐங்குறுநூற்றிலே கபிலர் பாடிய குறிஞ்சியில் 'வெறிப்பத்து' என்று பத்துப் பாட்டுகளே இதற்கு உண்டு. நோய்க்குக் காரணம் தலைவன் என்று அறிந்த தோழி நகைக்கிறாள். நற்றிணையின் 34-ஆம் பாட்டிலே ஒருபடி மேலே போய், முருகனையே முன்னிறுத்தி, அவன் அறியாமையை எடுத்துச் சொல்கிறாள். நோய் எது, காரணம் எது என்று பிரித்துப் பார்த்த அந்தப் பெண்ணின் அறிவு, 1979-இல் ஐந்து அறிஞர்க்குக் கைகொடுக்கவில்லை.

'வெறி' என்னும் சொல்லையும் பாருங்கள். கள்ளுண்டவன் நிலையும் வெறி. சாமியாடுபவன் நிலையும் வெறி. நிலையைச் சொன்னது தமிழ். காரணத்தைச் சொல்லால் கட்டவில்லை. காரணத்தை ஆராய வேலனும் வரலாம், தோழியும் வரலாம் என்று வாயிலைத் திறந்து வைத்தது. நல்ல சொல்லின் இலக்கணம் அதுதான்.

சொல்லிலே என்ன இருக்கிறது?

'ஒரு சொல்லுக்கா இவ்வளவு சண்டை?' என்று எண்ண வேண்டாம். இப்பொருள்கள் இன்று மருத்துவமனைக்குள் மீண்டும் வருகின்றன. வேறு மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்குச் சிலோசைபினை மனநல மருத்துவர் தரலாம் என்று ஆஸ்திரேலியா 2023 சூலை முதல் இசைவளித்தது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 2020-இல் மக்கள் வாக்களித்து அனுமதி தந்தார்கள். இப்பொருளின் பிடியிலே இருக்கும் மணிநேரங்களில் மனிதனின் மனம் பச்சைக் களிமண். எதைச் சொன்னாலும் பதியும். யார் சொன்னாலும் பதியும். அந்த நேரத்திலே அருகில் இருப்பவர் மருத்துவரா, குருவா என்பது உயிர்ப்பிரச்சினை.

சப்பானில் ஓம் சின்ரிக்யோ என்று ஒரு மதக் கூட்டம் இருந்தது. படித்தவர்கள், அறிவியல் பட்டம் பெற்றவர்கள் அதில் சேர்ந்தார்கள். அக்கூட்டம் எல்.எஸ்.டி.யைத் தானே காய்ச்சி, தீட்சை என்ற பெயரிலே சீடர்க்குக் கொடுத்தது. கண்ட காட்சியெல்லாம் குருவின் அருள் என்று நம்பினார்கள். 1995 மார்ச் 20 அன்று அக்கூட்டத்தார் டோக்கியோ சுரங்க இரயில்களிலே நச்சு வாயுவைப் பரப்பினார்கள். பத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஆயிரக்கணக்கானோர் துன்புற்றனர். எல்.எஸ்.டி. கொலை செய்யச் சொன்னதா? இல்லை. அது கதவைத் திறந்தது. குரு உள்ளே போய் உட்கார்ந்தார். 'உள்ளே கடவுள் வருவார்' என்று பெயரிலேயே எழுதி வைத்தால், உள்ளே வருகிறவர் எவராயினும் கடவுள் ஆகிவிடுவார் அல்லவா?

சாவின் விளிம்பிலே நிற்கும் புற்றுநோயாளி, துயரத்தில் துவண்ட தாய், போர்க்களத்தை மறக்க முடியாத படைவீரன்: இவர்கள்தாம் இம்மருந்தை நாடி வரப்போகிறவர்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது, 'இது உன் மூளையிலே இன்ன வேலை செய்யும். இன்ன நன்மை வரலாம். இன்ன தீமை வரலாம். மனப்பிளவு நோய் குடும்பத்திலே இருந்தால் இதன் அருகே போகாதே' என்பது. இறைநம்பிக்கை இல்லாதவனும் அதைப் பெற வேண்டும். இருப்பவனும் பெற வேண்டும். மருந்துப் புட்டியின் மேலே கடவுளின் பெயர் இருந்தால், குணமடையாதவன் என்ன எண்ணுவான்? மருந்து வேலை செய்யவில்லை என்று எண்ணமாட்டான். ஆண்டவன் தன்னைக் கைவிட்டான் என்று எண்ணுவான். நோயுற்றவன்மேல் பழியையும் சுமத்தும் சொல் நமக்கு வேண்டுமா?

தமிழிலே என்ன சொல்வது?

மறுக்க மட்டும் செய்தால் போதாது. மாற்றும் தர வேண்டும். 'போதைப்பொருள்' என்று சொல்லிவிடுகிறோம். கள், கஞ்சா, அபின், எல்.எஸ்.டி. எல்லாம் ஒரே பானை! அபின் உடலைப் பிணித்து அடிமையாக்குவது, எல்.எஸ்.டி. அவ்வாறு உடலைப் பிணிப்பதில்லை, மனத்தைக் கலக்குவது. வேறு வேறு ஆபத்துகளை ஒரே சொல்லால் மூடினால், இளைஞன் ஒன்றிலே பொய் கண்டதும் எல்லாவற்றையும் பொய் என்பான். இந்நாட்டுச் சட்டம் 1985 முதல் இரண்டையும் தடுக்கிறது என்பது வேறு. இயல்பு ஒன்று அன்று என்பது வேறு. 'மாயத்தோற்றம்' என்றால் மாயை வந்து ஒட்டிக்கொள்கிறது. வேதாந்தி வீட்டு வாசலிலே கொண்டுபோய் விடும்.

நம் இலக்கணத்தைக் கேட்டால் வழி கிடைக்கிறது. இரு சொற்கள் புணரும்போது நேரும் மாறுதல் மூன்று என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். இப்பொருள்கள் புலனிலே செய்வதும் அம்மூன்றே. இல்லாதது தோன்றும், உள்ளது திரியும், 'நான்' என்பதும் கெடும். மூன்றையும் சேர்த்துத் திரிபு என்று பொதுவாகக் கொண்டு, 'புலன்திரிப்பி' என்று சொல்லலாம். புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. கடவுளையும் கூட்டவில்லை, சாத்தானையும் கூட்டவில்லை. எங்கே வேலை செய்கிறது, என்ன செய்கிறது என்பதை மட்டும் சொல்கிறது. ஏன் செய்கிறது, நல்லதா கெட்டதா என்பவற்றை ஆய்வுக்கூடத்துக்கு விட்டுவிடுகிறது. இதைவிட நல்ல சொல் கிடைத்தால் அதை ஏற்போம். சான்று மாறினால் சொல்லையும் மாற்றுவோம். தெய்வத்தைச் சூடிய சொல்லுக்குத்தான் அந்த வசதி கிடையாது. அதை மாற்றப் போனால் நிந்தனை என்பார்கள்.

கோயில்களிலே குடியிருக்கும் தெய்வத்தைப் பற்றிப் பேசியாயிற்று. நோயிலே குடியேறிய தெய்வத்தை ஊசி வெளியேற்றிற்று. இனி வரும் தெய்வம் குப்பியிலே வரும். பட்டம் பெற்றவரின் பரிந்துரைச் சீட்டோடு வரும். கிரேக்கம் பேசிக்கொண்டு வரும். வாயிலிலே நிற்கும் இளைஞனிடம் நாம் எதிர்பார்ப்பது அதிகம் ஒன்றும் இல்லை. பெயரைக் கேட்டதும் கைகூப்பாமல், 'உனக்கு இந்தப் பெயரை வைத்தது யார்?' என்று ஒரு கேள்வி கேட்கட்டும்.